நத்தாருக்கு முந்நூறு சொல்

முந்நூறு சொல் போதும் ரீச்சர், அதுக்கு மேலே ஒருத்தரும் வாசிக்க மாட்டினம் என்று எங்கள் பங்குக் குரு டிலக்சன் சுவாமி சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போய் ஒன்பது நாளாகிறது. என்னிடம் இருப்பது ஒரு வரி. கிறிஸ்மஸைக் குறிக்கும் நத்தார் என்ற சொல் போர்த்துக்கேயரின் நத்தால் என்ற சொல்லிலிருந்து வந்தது. அவ்வளவுதான். இன்று மாதத்து முதல் வெள்ளி. கோயிலுக்கு வர ஏலாதவர்களுக்கு நன்மை என்கிற நற்கருணை அப்பம் கொடுக்கச் சுவாமி பத்து மணிக்கு மோட்டார் சைக்கிளில் வருவார், போகும்போது பங்குக் கோயிலின் நத்தார் மலருக்கான கட்டுரையையும் கையோடு எடுத்துப் போவார். ஒன்பது அடித்துவிட்டது. இந்தப் பங்கில் இலத்தீன் படித்த ஆள் நான் ஒருத்திதான் என்பதால் இந்தச் சொல் என் தலையில் விழுந்தது. சரி, எழுது யூஜினி. கப்பலில் வந்த சொல். நான் எழுதுகிற மேசையும் அந்தக் கப்பலில்தான் வந்தது, இருக்கிற கதிரையும் வந்தது, யன்னல், அலுமாரி, கோயில் வாங்கு, எல்லாம். மரம் இங்கத்தைய மரம், பெயர் மட்டும் கடல் கடந்தது. சிங்களத்தில் நத்தல் என்று கடைசி எழுத்து அப்படியே நிற்கிறது. நாங்கள் அதைத் தேய்த்து நத்தார் என்று ஒரு பெரியவரைப் போல ஆக்கிவிட்டோம், வருஷத்துக்கு ஒருதரம் படலையைத் திறந்துகொண்டு வருகிற யாரோ ஒரு பெரியவர். இதை எழுதினால் சுவாமி சிரிப்பார். போர்த்துக்கேயருக்கு அது இலத்தீன் தந்தது, நாத்தாலிஸ், பிறப்புக்கு உரியது, பிறந்த நாள். இதுவரை நல்லது. ஆனால் ஆதித் திருச்சபையில் வேதசாட்சிகள் கொல்லப்பட்ட நாளையும் நாத்தாலிஸ் என்றுதான் எழுதி வைத்தார்கள், செத்த நாள் மோட்சத்தில் பிறந்த நாளாம். இருபது வயதில் விரிவுரை மண்டபத்தில் இதைக் குறிப்பெடுத்தபோது ஓரத்தில் ‘எவ்வளவு அழகு’ என்று எழுதினேன். நீல மை. அந்தக் கொப்பி இப்போது இல்லை, அந்த இரண்டு சொல்லையும் அழிக்கத்தான் முடியவில்லை. அழகாம். கோயிற் கல்லறைகள் இருக்கிற சேமக்காலையில் தெற்கு மதிலுக்கு உட்பக்கம், முழங்கால் உயரச் சிலுவையில், ஒரே ஒரு திகதி. என் கணவர் றெஜினோல்ட் கல் வெட்டுகிறவரிடம் பிறப்பு, இறப்பு என்று இரண்டும் வெட்டச் சொன்னார். ஒரே நாள்தானே ஐயா, கல்லில் இடம் காணாது என்றார் அந்த மனிசன். அவர் சொன்னது சரிதான். நத்தாலியா. பெயர் நான் தேடி வைத்தது. நத்தாரை ஒட்டிப் பிறக்க வேண்டிய பிள்ளை, மூன்று கிழமை முந்திவிட்டது.

பக்கத்து அறையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம். மச்சாள் மருந்துக் குளிசை போடுகிறார். றெஜினோல்டின் அக்கா மதலேன், எண்பத்தைந்து வயது, நாலு வருஷமாகக் கட்டிலை விட்டு இறங்கினால் கதிரை, கதிரையை விட்டால் கட்டில். கண்ணாடிக் கிளாஸ் வேண்டாம் என்பார், அந்தப் பழைய மூக்குப்பேணியிலிருந்து அண்ணாந்துதான் குடிப்பார். பித்தளைப் பேணியின் நீண்ட மூக்கால் தண்ணீர் நூலாக இறங்குகிற சத்தம், வேறு எந்தப் பாத்திரத்துக்கும் அந்தச் சத்தம் கிடையாது. ஒரு நாளைக்கு மூன்று தரம். மூன்று தரமும் என் பேனை நின்றுவிடும். முப்பத்தொன்பது வருஷத்துக்கு முந்திய பின்னேரம் ஒன்று அந்த மூக்கிலிருந்து வடிகிறது. ஊரடங்கு போட்டிருந்தார்கள், வானத்தில் ஹெலிகொப்டர் சுற்றிக்கொண்டிருந்தது, வெயில் யன்னல் கம்பியாய் என் காலில் விழுந்திருந்தது, வலி தொடங்கியபோது நான் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. றெஜினோல்ட் ஒரு கம்பில் வெள்ளைத் துவாயைக் கட்டிக்கொண்டு மருத்துவிச்சியைக் கூப்பிடப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மச்சாள்தான் பிள்ளையை எடுத்தார், தன் பழைய சேலைத்துண்டில் சுற்றினார். அழவில்லை. பிள்ளை ஏன் அழவில்லை மச்சாள், ஏன் அழவில்லை. களைச்சுப் போச்சு பிள்ளை, வந்த களை. பிறகு மச்சாளின் முகம் மாறியது. ஞானஸ்நானம் குடுப்பம் யூஜினி, சுவாமி வர ஏலாது, நாங்கள் குடுக்கலாம். மச்சாளின் ஒரு கையில் பிள்ளை, மற்றக் கையில் இந்தப் பேணி. நீதான் படிச்சனீ, நீ வசனத்தைச் சொல்லு, எனக்கு வாய் தடுமாறும், நான் ஊத்திறன். நான் சொன்னேன். நத்தாலியா, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன். ஒரு எழுத்துப் பிசகவில்லை. நெற்றியில் தண்ணீர் நூலாக இறங்கியது. மூன்று தரம். அப்போது சேலைத்துண்டுக்குள் அந்தச் சின்னக் கை அசைந்தது. ஒரே ஒருதரம். நான் பார்த்தேன். அது போதும் என்று நினைத்தேன், உயிரோடு இருந்தாள், ஞானஸ்நானம் பெற்றாள், போய்விட்டாள், நானும் ஒரு நாள் போவேன், அங்கே இருப்பாள். றெஜினோல்ட் மருத்துவிச்சியோடு ஓடி வந்தபோது மச்சாள் படலையடியிலேயே அவரை மறித்து என்னவோ சொன்னார், தம்பி, தம்பி என்று இரண்டு தரம் கேட்டது, பிறகு ஹெலிகொப்டர் சத்தம்.

இதில் எது முந்நூறு சொல்லுக்குள் வரும். அடுத்த வரி எழுது. நத்தார் என்றால் பிறப்பு. மூன்று சொல். பேனை கடதாசியில் நிற்க, நான் ஞானோபதேச வகுப்பில் இருக்கிறேன், அது பிள்ளை போய் மூன்று வருஷம் கழித்து, மறையாசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி, வெளியூரிலிருந்து வந்த ஒரு வயதான சுவாமி கரும்பலகைக்கு முன்னால். ஆபத்தில் யாரும் கொடுக்கலாம், இந்துவும் கொடுக்கலாம், தண்ணீர் வேணும், வசனம் வேணும், எண்ணம் வேணும். இன்னொண்டு, கவனமாய் எழுதுங்கோ. ஊற்றுகிறவரேதான் வசனத்தையும் சொல்லவேணும். ஒருத்தர் ஊற்ற மற்றவர் சொன்னால் அது ஞானஸ்நானம் இல்லை. நான் கொடுக்கிறேன் எண்டு சொல்லுற வாய் ஒண்டு, கொடுக்கிற கை வேறையெண்டால் அங்கே ஒண்டும் நடக்கேல்லை. ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரும் குனிந்து எழுதினார்கள், நானும் எழுதினேன், என் கையெழுத்துக் கோடு விலகவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த ரீச்சர் தேத்தண்ணி எப்ப தருவினமோ என்று காதுக்குள் கேட்டார். எழும்பிக் கேட்டிருக்கலாம். சுவாமி, பிள்ளை செத்துப்போயிருந்தால்? திருப்பிக் கொடுக்க வழியில்லையென்றால்? கேட்கவில்லை. கேட்டால் அவர் யாருடைய பிள்ளை என்று கேட்பார், கேட்டால் சேமக்காலைப் புத்தகத்தைத் திறப்பார்கள். அந்தக் காலத்தில் ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகளை மதிலுக்கு வெளியேதான் புதைப்பது, பூவரசுக்குக் கீழே, சிலுவையும் இல்லை, பெயரும் இல்லை, மழைக்காலத்தில் அங்கே ஆடு கட்டுவார்கள். றெஜினோல்ட் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடியப் போய் அந்தக் கல்லைத் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். நான் வாயைத் திறந்தால் அந்த மனிசன் எதைத் துடைப்பார். திறக்கவில்லை. அவர் போய்ப் பதினொரு வருஷம், பிள்ளைக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறார், மற்றப் பக்கம் எனக்கு விட்டிருக்கிறது. மூன்று பேரும் கிட்டக் கிட்ட இருப்போம், மண்ணுக்குள். மண்ணுக்கு மேலே எங்கே? என் பயம் அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை, செத்தால் அவளைக் காண மாட்டேன் என்பது. ஞானஸ்நானம் இல்லாத குழந்தைகளுக்கு லிம்போ என்று ஓர் இடம் சொல்லித் தந்தார்கள், வேதனை இல்லை, கடவுளும் இல்லை. அதுவும் இலத்தீன்தான், லிம்புஸ். விளிம்பு என்று அர்த்தம், துணியின் கரை. மச்சாளின் அந்தச் சேலைத்துண்டுக்கு மங்கிப்போன சிவப்புக் கரை இருந்தது. எங்கே போனாலும் ஒரு சொல் வந்து காலில் சுற்றிக்கொள்கிறது. பிறகு ஒரு காலத்தில் லிம்போவே இல்லை என்றார்கள். இதே டிலக்சன் சுவாமியிடம் சும்மா ஒரு கதைக்குக் கேட்பது போலக் கேட்டேன். ஐயோ ரீச்சர், அதெல்லாம் இப்ப இல்லை, அந்தப் பிள்ளையளைக் கடவுளின்ர இரக்கத்திலை விட்டிருக்கிறம், நம்பிக்கையோட இருங்கோ என்றார், எவ்வளவு சுகமாகச் சொன்னார், பல் தெரிய. நாங்கள் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தவர்கள் சுவாமி. முகாமை மூடிவிட்டோம் என்று வானொலியில் சொல்வார்கள். உள்ளே இருந்தவர்களை எங்கே கொண்டுபோனார்கள் என்பது செய்தியில் வராது. ஆயிரம் வருஷமாக அங்கே இருந்த பிள்ளைகளை யார் எண்ணினார்கள், யார் பெயர் கூப்பிட்டார்கள், பெயரே இல்லாத பிள்ளைகளை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள்.

“என்னடி, சத்தத்தைக் காணேல்லை. எழுதிறியோ நித்திரையோ?”

மச்சாள். நடுவில் கதவு இருந்தும் சாத்துவதில்லை. எழுதுகிறேன் மச்சாள் என்றேன். என்னத்தை? நத்தார் எண்டால் என்ன எண்டு. “அது உனக்குத் தெரியாதோ? பாலன் பிறக்கிறது. இதுக்கே ஒன்பது நாள் இருந்து தலையைச் சொறிஞ்சனீ? என்னைக் கேட்டிருந்தால் அண்டைக்கே சொல்லியிருப்பன், சுவாமியும் பெற்றோல் செலவில்லாமல் போயிருப்பார்.” சிரிக்கிறார், சிரிப்பு இருமலாகிறது. வாசித்துக் காட்டு என்றார். நான் இரண்டு வரியையும் வாசித்தேன். “இவ்வளவுந்தானோ. சம்பளம் வாங்கிப் படிப்பிச்ச ரீச்சர்.” எட்டிப் பார்த்தேன், தலையணையில் சாய்ந்து பேணியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார், உள்ளே, வெளியே, மூக்கை விரலில் துணி சுற்றி. மணி ஒன்பது நாற்பது. இன்னும் இருபது நிமிடத்தில் மச்சாளுக்கு நித்திரை வந்துவிடும். முதல் வெள்ளிகளில் அப்படித்தான், நாலு வருஷமாக ஒரு முதல் வெள்ளி தப்பியதில்லை, சுவாமி வாசலில் செருப்பைக் கழற்றும்போது மச்சாள் சுவர்ப் பக்கம் திரும்பி ஆழ்ந்த நித்திரை. எழுப்ப வேண்டாம் ரீச்சர் என்று சுவாமி எனக்கு மட்டும் நன்மை தந்துவிட்டுப் போவார். குளிசைதான் தூக்குகிறது என்று நினைத்துக்கொள்வேன். அதற்கு முன்னம் கோயிலிலும் கடைசி வாங்கில்தான் இருப்பார். எல்லோரும் நன்மைக்கு எழும்பும்போது முழங்கால் ஏலாது போயிட்டு வா என்பார், அல்லது குனிந்து செருப்பைத் தேடுவார். ஐம்பது வயதில் என்ன முழங்கால் என்று நானும் றெஜினோல்டும் பகிடி பண்ணுவோம். நெல்லுக் கடகம் தூக்குகிற முழங்கால். ஏன் இது இப்போது ஞாபகம் வருகிறது, எழுது, நத்தார் என்றால் பிறப்பு, பிறகு. பிறகு ஒன்றும் வரவில்லை. எனக்கு எழுபத்துமூன்று, அவருக்கு எண்பத்தைந்து, யார் முந்திப் போனாலும் அந்தப் பேணியால் ஊற்றிய கையும் வசனம் சொன்ன வாயும் ஒருதரமும் இதைப் பேசாமலே போய்விடும். பேனையை மூடினேன். மூடிய சத்தம் பெரிதாகக் கேட்டது. எழும்பிப் போய்க் கட்டில் விளிம்பில் இருந்தேன்.

“மச்சாள், நாங்கள் ஒரு பிழை விட்டிட்டம்.”

“என்ன, சோத்துக்கு உப்புப் போடேல்லையோ?”

“நத்தாலியாவுக்கு ஞானஸ்நானம் குடுத்த நேரம்.”

துடைத்துக்கொண்டிருந்த விரல் பேணியின் மூக்குக்குள் நின்றது. அந்தப் பெயரை நாங்கள் வீட்டுக்குள் சொல்வதில்லை, சேமக்காலையில் மட்டும் சொல்வோம். நான் சொன்னேன், வகுப்பு, கரும்பலகை, ஊற்றுகிறவரேதான் சொல்லவேண்டும், நீங்கள் ஊற்றினீர்கள், நான் சொன்னேன், அது செல்லாது மச்சாள், முப்பத்தாறு வருஷமாக எனக்குத் தெரியும், ஒருத்தருக்கும் சொல்லவில்லை, அவருக்கும் சொல்லவில்லை, அவள் எங்கே என்று எனக்குத் தெரியாது. கடைசி வரியில் குரல் வகுப்பில் வராத மாதிரி வந்தது. மச்சாள் என்னைப் பார்த்தபடியே இருந்தார். கோபமில்லை. சிறு பிள்ளை கணக்கை வேறு பக்கத்தில் செய்துகொண்டு வந்து காட்டும்போது பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

“இதையோடி இவ்வளவு காலமும் வைச்சிருந்தனீ?”

“வேறை என்ன மச்சாள்?”

“ஆர் சொன்னாலென்ன, ஆர் ஊத்தினாலென்ன.” பேணியைக் கட்டிலில் வைத்தார். உருண்டது. எடுத்து மறுபடி வைத்தார். “யூஜினி. அது வரேக்கையே இல்லை.”

எது என்று கேட்டேன். கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

“மூச்சு. நான் எடுக்கேக்கையே இல்லை. வாயிலை ஊதிப் பார்த்தன், காலைத் தட்டிப் பார்த்தன், நீ காணாமல். செத்ததுக்கு ஞானஸ்நானம் இல்லை எண்டு எனக்கும் தெரியும், நான் படியாதவள்தான், அது தெரியும். அதுக்குத்தான் உன்னைச் சொல்லச் சொன்னனான். நான் சொன்னால் பொய்யாப் போயிடும். நீ உண்மையெண்டு நினைச்சுச் சொல்லுவாய்.”

“கை அசைஞ்சது மச்சாள். நான் கண்டனான்.”

“நான் அசைச்சனான்.”

யன்னலில் ஒரு காகம் வந்து உட்கார்ந்து போனது. மச்சாளின் வலது கை போர்வைக்கு மேலே கிடந்தது, நரம்பும் தோலுமாய், பெருவிரல் நகம் வெடித்து. அந்த விரல்தான். சேலைத்துண்டுக்கு வெளியேயிருந்து, கரைக்குக் கீழே, ஒரே ஒருதரம். எத்தனை வருஷம் அந்த அசைவை எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறேன், இடம்பெயர்ந்து நடந்தபோது, முகாமில், றெஜினோல்டின் பெட்டியை மூடியபோது, அவள் உயிரோடு இருந்தாள், ஒரு கணம் என்றாலும் இருந்தாள் என்று. நான் வசனத்தை ஒரு சடலத்துக்குச் சொன்னேன், பிசகில்லாமல். எந்த வாய் எந்தக் கை என்று சுற்றிச் சுற்றி வந்த இடத்தில் ஒன்றுமே இருக்கவில்லை, கதவுகூட இருக்கவில்லை. மச்சாள் பேசிக்கொண்டிருந்தார், சுவரைப் பார்த்து. “தம்பியிட்டை உசிர் இருந்தது, ஞானஸ்நானம் குடுத்தாச்சு எண்டு படலையிலையே சொல்லிப்போட்டன். அவன்ர பிள்ளையைப் பூவரசுக்குக் கீழை வைக்கிறதோ? அப்பத்தைய பெரிய சுவாமி விடேல்லை, உசிர் இருந்ததோ எண்டு வடிவாக் கேட்டார். கோயிலுக்குள்ளை கூட்டிக்கொண்டுபோய் வேதப்புத்தகத்திலை கையை வைச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னார். பண்ணினன். நீ காய்ச்சலிலை கிடந்தனீ.” பிறகு, வேறு யாரையோ பற்றிச் சொல்வது போல, “அந்த நாக்கிலை எப்பிடியடி நன்மையை வாங்கிறது” என்றார்.

அதனால்தான் கடைசி வாங்கில் செருப்பைத் தேடினார். முழங்கால் ஏலாது என்றார். முப்பத்தொன்பது வருஷம், வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு ஞாயிறு, பெரிய வியாழன், உயிர்ப்பு, நத்தார். நத்தார்ப் பூசையில் பாலனைக் குடிலில் வைக்கும்போது எல்லோரும் முன்னால் போய் அந்தப் பாதத்தை முத்தமிடுவார்கள், மச்சாள் கடைசி வாங்கில் இருந்தபடியே கையை எடுத்து நெற்றியில் வைப்பார். நான் பார்த்தேன், பார்த்துவிட்டுப் பகிடி பண்ணினேன். நான் எல்லாம் படித்தவள், நாத்தாலிஸ் தெரியும், லிம்புஸ் தெரியும். என் நத்தாலியா எங்கே என்று எனக்கு இப்போதும் தெரியாது, இனி ஞானஸ்நானம் என்ற பேச்சே இல்லை, அவளுக்கும் எனக்கும் நடுவில் டிலக்சன் சுவாமி பல் தெரியச் சொன்ன அந்த இரக்கம் மட்டும்தான் கிடக்கிறது, அதைப் பிடித்துக்கொள்ள எனக்குக் கை வரவில்லை. ஆனால் மச்சாள் எங்கே என்று தெரியும். பயத்தையெல்லாம் நான் மண்ணுக்குள் கிடந்த ஒருத்திக்கே செலவழித்திருக்கிறேன், அடுத்த அறையில் ஒருத்தி ஒவ்வொரு முதல் வெள்ளியும் கண்ணை மூடிக்கொண்டு முழித்திருந்திருக்கிறாள். தூரத்தில், சந்தி திரும்புகிற இடத்தில், மோட்டார் சைக்கிள். சுவாமியுடையதுக்கு ஓர் இருமல் உண்டு. மச்சாளுக்கும் கேட்டிருக்க வேண்டும். சுவர்ப் பக்கம் திரும்பினார், போர்வையை இழுத்தார், கண்ணை மூடினார். இமைகள் நடுங்கின. நித்திரைக்காரருக்கு அப்படி நடுங்காது, இத்தனை நாளும் நான் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை.

“மச்சாள், சுவாமியை உங்களிட்டை விடட்டோ?”

படலை கிறீச்சிட்டது.

“எனக்கு வாய் தடுமாறும்” என்றார் மச்சாள், கண்ணைத் திறக்காமல். “நீ சொல்லன், யூஜினி. நீதான் வடிவாச் சொல்லுவாய்.”

“இல்லை மச்சாள். இந்தமுறை ஊத்தினவதான் சொல்லவேணும்.”

ஒரு சின்னச் சத்தம் வந்தது, சிரிப்போ என்னவோ. கட்டிலில் கிடந்த பேணியை எடுத்துக்கொண்டு நான் வெளியே வந்தேன். சுவாமி வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார், கழுத்தில் நன்மை வைக்கிற சின்னப் பெட்டி தொங்கியது. “என்ன ரீச்சர், கட்டுரை முடிஞ்சுதோ? மச்சாள் வழமை மாதிரி நித்திரையாக்கும்.”

“கட்டுரை இரண்டு வரிதான் சுவாமி, மேசையிலை கிடக்கு, அப்பிடியே போடுங்கோ. மச்சாள் முழிச்சிருக்கிறா. முதல் அவவிட்டைப் போங்கோ. அவவுக்கு ஒரு பாவசங்கீர்த்தனம் இருக்கு.”

அவர் என்னை ஒருமுறை பார்த்தார், சிரிப்பு அடங்கியது, உள்ளே போனார். நான் நடுக்கதவைச் சாத்தினேன். எத்தனையோ வருஷமாகச் சாத்தாத கதவு, முழுதாகச் சேரவில்லை, ஒரு விரல் இடைவெளி. குசினிக்குப் போனேன், இதுவும் அந்தக் கப்பலில் வந்த சொல். முதலில் கதிரை இழுபடுகிற சத்தம், பிறகு மச்சாளின் குரல், தடுமாறி, பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் சொல்வது போல. சுவாமி, என்னை ஆசீர்வதியும், நான் பாவசங்கீர்த்தனம் செய்து முப்பத்தொன்பது வருஷம். அதற்கு மேல் கேட்கக்கூடாது. நான் பேணியைத் தொட்டிக்குள் வைத்து, பைப்பை முழுதாகத் திறந்துவிட்டேன்.